நிறுத்தும் முன் ரத்தம் கொடுங்கள்

வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஜிம் மாஸ்டர், யோகா டீச்சர், எதிர்வீட்டு மாமி, அலுவலக வாட்ஸ்அப் குழு என்று எல்லோரிடமும் ஒரே மருந்து தயாராக இருக்கிறது. "கோதுமையை ஒரு மாசம் நிறுத்திப் பாருங்க. சரியாச்சுன்னா குளூட்டன்தான் காரணம். டெஸ்ட்டெல்லாம் எதுக்கு, தண்டச் செலவு." சில டாக்டர்களே இப்போது இதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டதால் கைவைத்தியம் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஊசி கிடையாது, குழாய் கிடையாது, பைசா செலவு கிடையாது. பத்தியம் என்றால் நமக்குப் பழகிய விஷயம் வேறு.

இந்த யோசனை தவறு என்பதுதான் என் கட்சி. கோதுமை எல்லோருக்கும் ஆகும் என்று வாதாட வரவில்லை. சிலருக்கு அது உண்மையிலேயே குடலை அரிக்கிறது. அந்தச் சிலரில் நீங்களும் ஒருவரா என்று கண்டுபிடிக்க இருக்கும் வழியைத்தான் "நிறுத்திப் பார்" முதலில் அடைத்துவிடுகிறது.

என் தங்கை மதுரையில் பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாக அவளுக்கு வயிறு உப்புசம், வாய்ப்புண், மாடிப்படி ஏறினால் மூச்சுவாங்கல். ஹீமோகுளோபின் எட்டைத் தாண்ட மறுத்தது. அயர்ன் மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் ஏறியது, நிறுத்தியதும் இறங்கியது. முதல் டாக்டர் கேஸ் டிரபிள் என்றார். அடுத்தவர், "டீச்சர் வேலை, ரெண்டு பசங்க, டென்ஷன்தாம்மா" என்று தூங்க மாத்திரை எழுதினார். மூன்றாவது ஆளிடம் போகாமல் அவள் கோதுமையை விட்டாள். மூன்று வாரத்தில் வயிறு இறங்கிவிட்டது. ஆறு மாதம் கழித்து யாரோ சொன்னார்கள் என்று ஒரு பரிசோதனைக் கூடத்தில் சீலியாக் டெஸ்ட் எடுத்தாள். "நெகட்டிவ்" என்று வந்தது. ரத்தம் எடுத்தவர்களும் சரி, தாளைக் கையில் கொடுத்தவர்களும் சரி, "நீங்கள் இப்போது கோதுமை சாப்பிடுகிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தத் தாளுக்கு அர்த்தமே இல்லை. சீலியாக் என்பது ஒவ்வாமை அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிற நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் புரதம் உள்ளே போகும்போது, மரபணு வாய்த்த சிலருடைய உடல் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்கிற தன் சொந்த நொதிக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கிறது. தாக்கப்படுவது அந்த நொதிதான் என்று 1997இல் ஜெர்மனியில் கண்டுபிடித்த பிறகுதான் இன்றைய ரத்தப் பரிசோதனை, டாக்டர்கள் சுருக்கமாக டி.டி.ஜி. என்பது, பிறந்தது. குளூட்டன் வருவது நின்றால் ஆன்டிபாடியும் மாதக்கணக்கில் மெல்ல வடிந்துவிடும். சிறுகுடலின் உட்சுவரில் மழுங்கிப்போன குடலுறிஞ்சிகளும் மறுபடி முளைக்கத் தொடங்கும். அப்புறம் ரத்தத்தில் தேடினாலும் தடயம் இல்லை, குடலில் துணுக்கு எடுத்துப் பார்த்தாலும் தெளிவில்லை. கூரை எங்கே ஒழுகுகிறது என்று மழை பெய்யும்போதுதான் பார்க்க வேண்டும். வெயில் அடிக்கும்போது ஏணி வைத்து ஏறிவிட்டு "ஓட்டையே இல்லை" என்று இறங்கி வருவதுபோலத்தான் என் தங்கையின் நெகட்டிவ்.

பிரிட்டனின் தேசிய வழிகாட்டு அமைப்பான நைஸ் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. டெஸ்ட்டுக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட்டிருக்க வேண்டும். நம் ஊர்ப் பரிசோதனைக் கூடங்களில் "வெறும் வயிற்றில் வரவும்" என்று எழுதி ஒட்டுகிறார்கள். நைஸின் இந்த நிபந்தனையை எங்கும் நான் பார்த்ததில்லை.

நிறுத்தச் சொல்பவர்களுக்கு ஒரு வரலாற்று நாயகர் உண்டு: வில்லம் டிக்கே, நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில், ரொட்டி கிடைக்காத நேரம் பார்த்து அவருடைய சீலியாக் குழந்தைகள் தேறின என்பது பலரும் அறிந்த கதை. "பார்த்தீர்களா, நிறுத்தினார், கண்டுபிடித்தார்" என்பார்கள். கதையின் பாதிதான் இது. கோதுமை மீது டிக்கேக்கு 1930களிலேயே சந்தேகம் இருந்தது. குழந்தை தேறியதைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு அவர் எழுந்துவிடவில்லை. கோதுமையைக் கொடுத்தார், நிறுத்தினார், மறுபடி கொடுத்தார். ஒவ்வொரு முறையும் மலத்தில் எவ்வளவு கொழுப்பு வீணாகிறது என்று, அதை அளக்கவென்றே ஒரு முறையை உருவாக்கிய வேதியியலாளர் வான் டி காமரோடு சேர்ந்து, அளந்து பார்த்தார்கள். 1950இல் ஆய்வேடாக வந்தது அந்த உழைப்பின் ஒரு பகுதி. திருப்பிக் கொடுக்கும் துணிவுதான் டிக்கேயின் கண்டுபிடிப்பு.

அளக்காமல், தேறியதை மட்டும் பார்த்தவர்களின் கதையும் இருக்கிறது. அதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. 1888இல் இந்த நோயை விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ, தினமும் டச்சு மட்டிச்சிப்பி தின்ற ஒரு குழந்தை நன்றாகத் தேறியதாகவும், சிப்பிப் பருவம் முடிந்ததும் மறுபடி படுத்ததாகவும் குறித்து வைத்தார். 1924இல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் வாழைப்பழ வைத்தியத்தை அறிவித்தார். குழந்தைகள் உண்மையாகவே பிழைத்தார்கள். ஹாஸ் கொடுத்த உணவில் ரொட்டியும் தானியமும் விலக்கு. பிழைக்க வைத்தது இலையில் இல்லாத ரொட்டி. பெயர் வாங்கியது இலையில் இருந்த வாழைப்பழம். பல ஆண்டுகள் பெரிய பெரிய மருத்துவர்கள்கூட இதை நம்பினார்கள். ஒன்றை மாற்றியதும் தேறியது என்பதாலேயே எது காரணம் என்று தெரிந்துவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

என் தங்கை "கோதுமையை" நிறுத்தினாள் என்று சொன்னேன். அவள் உண்மையில் நிறுத்தியது எதையெல்லாம்? ராத்திரி எட்டரைக்குச் சால்னாவோடு வரும் பரோட்டா போயிற்று. ஸ்டாஃப் ரூமில் டீயோடு வரும் பிஸ்கட்டும் பஃப்ஸும் போயின. பிஸ்கட் இல்லாத டீ எதற்கென்று, பால் டீயும் நாலிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. வீட்டில் சமைத்துச் சீக்கிரம் சாப்பிட்டாள். இதில் எது வயிற்றை இறக்கியது? குளூட்டனா, டால்டாவா, பாலில் உள்ள லாக்டோஸா, சீக்கிரம் முடிந்த சாப்பாடா?

கோதுமைக்கு உள்ளேயே இன்னொரு ஆள் ஒளிந்திருக்கிறான். ஃப்ரக்டான் என்கிற சர்க்கரைத் தொடர். சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதித்து வாயுவாகிறது. நார்வேயில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், சீலியாக் இல்லாமலே குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்கு மூன்று வகைத் தின்பண்டக் கட்டிகளை, எது எதுவென்று சொல்லாமல், வகைக்கு ஒரு வாரம் கொடுத்தார்கள். ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃப்ரக்டான், ஒன்றில் இரண்டுமே இல்லை. வயிற்றைக் கிளப்பியது ஃப்ரக்டான். குளூட்டனுக்கும் சும்மா கட்டிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் கதை இன்னும் சுவாரசியம். சீலியாக் இல்லாதவர்களையும் குளூட்டன் படுத்தும் என்று 2011இல் சொன்ன அதே குழு, 2013இல் 37 பேரின் உணவில் நொதிக்கும் சர்க்கரைகளை முதலில் குறைத்துவிட்டுச் சோதித்தது. குளூட்டனின் தனிப் பாதிப்பு ஏறக்குறைய மறைந்துபோனது. தன் முந்தைய முடிவைத் தானே கேள்வி கேட்கும் இந்த நேர்மை, ரீல்ஸ் போடும் ஊட்டச்சத்து ஆலோசகர்களில் யாரிடமாவது இருந்தால் காட்டுங்கள்.

இந்த ஃப்ரக்டான் கோதுமையைவிட அதிகம் இருப்பது வெங்காயத்திலும் பூண்டிலும். சப்பாத்தியைத் தள்ளிவைத்துவிட்டுச் சின்ன வெங்காய சாம்பாரும் பூண்டுக் குழம்புமாக "குளூட்டன் ஃப்ரீ" வாழ்க்கை நடத்துபவர்களை என்னவென்று சொல்ல?

இனி எதிர்த்தரப்பின் மிக வலுவான கேள்விக்கு வருகிறேன். "சரி, சீலியாக் என்றே தெரிந்தாலும் வைத்தியம் அதேதானே? கோதுமையை நிறுத்து என்பார்கள். அதை நான் இப்போதே செய்துவிட்டேன். டெஸ்ட் எடுத்து என்ன கூடுதலாகக் கிடைக்கப்போகிறது?" என் தங்கை என்னிடம் கேட்டதும் இதையேதான். பதில் சொல்ல எனக்கே ஒரு வாரம் ஆயிற்று.

முதல் விஷயம், இரண்டும் ஒரே வைத்தியம் இல்லை. தானாக நிறுத்தியவர் நிறுத்துவது சப்பாத்தி, பரோட்டா, பிரெட். கல்யாண வீட்டில் கேசரியும் ரவா உப்புமாவும் வந்தால், "ஒரு நாள்தானே" என்று கை நீளும். சேமியாவும் ரவையும் கோதுமைதான் என்பதே பலருக்கு உறைப்பதில்லை. மால்ட் பானம் என்றால் பார்லி. சோயா சாஸில் கோதுமை இருக்கும். நம் சமையலறையிலேயே, டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். பலவற்றில் கோதுமை மாவு இருக்கிறது. அரிசி இட்லி, துவரம்பருப்பு சாம்பார், இதில் என்ன வந்தது என்று நினைப்பவரின் இலைக்குள்ளும் அது இப்படி நுழைகிறது. சீலியாக் இல்லாதவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சீலியாக் உள்ளவருக்கோ நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன், அதாவது ஒரு சப்பாத்தியில் ஐம்பதில் ஒரு பங்கு, மூன்று மாதம் தொடர்ந்து போனாலே குடல் சேதமாகும் என்று இத்தாலியில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். குளூட்டன் இல்லாதது என்று லேபிள் ஒட்ட நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று கோடு போட்டிருப்பது இதனால்தான். இந்த அளவு கறார், ஆயுள் முழுவதும், விருந்தாளியாகப் போகும் ஒவ்வொரு வீட்டிலும், எதை நம்பி ஒருவரால் கடைப்பிடிக்க முடியும்? "எனக்கென்னவோ ஒத்துக்கலை" என்பதை நம்பியா? மாமியாரிடம் அந்த வாதம் செல்லுபடியாகுமா?

அடுத்தது, இந்த நோய் ஒருவரோடு நிற்பதில்லை. சீலியாக் உள்ளவரின் பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது இருக்கக்கூடும், பலருக்கு வயிற்று வலியே இல்லாமல். என் தங்கைக்கு இருந்தால் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் நானும் ரத்தம் கொடுக்க வேண்டும். அவளுக்கு எலும்பின் அடர்த்தியைப் பார்க்க வேண்டும்; தைராய்டைப் பார்க்க வேண்டும். சந்தேகத்தின் பேரில் இதையெல்லாம் யார் செய்யச் சொல்வார்கள்?

சீலியாக் இல்லை என்றால்? அப்போதுதான் "நிறுத்திப் பார்" உண்மையிலேயே ஆபத்தாகிறது. மூன்று வருட ரத்தசோகைக்கு வேறு ஏதோ காரணம் இருக்கிறது என்று அர்த்தம். அதிக மாதவிடாயாக இருக்கலாம், குடலில் கசியும் புண்ணாக இருக்கலாம், குடல் காசநோயாக இருக்கலாம், க்ரோன் நோயாக இருக்கலாம், அசுத்தத் தண்ணீரில் வரும் ஜியார்டியாவாக இருக்கலாம். உப்புசம் குறைந்த நிம்மதியில் இதைத் தேடுவதே நின்றுபோகும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஓல்மசார்டன் என்ற மாத்திரை சிலருக்கு அச்சு அசலாகச் சீலியாக் போலவே குடலுறிஞ்சிகளை மழுங்கடிக்கும் என்பதை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 2012இல் எழுதியது. அப்படிப்பட்டவர் கோதுமையை எத்தனை வருடம் நிறுத்தினாலும் பேதி நிற்காது. டாக்டர் மாத்திரையை மாற்றினால் நிற்கும். (இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக் காலையில் பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.)

எதிர்முனையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. "சீலியாக்கெல்லாம் வெள்ளைக்காரனுக்கும் பஞ்சாபிக்கும். நாம் சோறு தின்கிறவர்கள், நமக்கு வராது" என்பார்கள். என் தங்கையின் இரண்டாவது டாக்டர் இந்தக் கூட்டம். அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. பி.எஸ். ராமகிருஷ்ணா தலைமையில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்தது. சீலியாக் ஆன்டிபாடி வடக்கில் 1.23 சதவீதம் பேரிடம் இருந்தது. தெற்கில் வெறும் 0.10 சதவீதம். ஆனால் நோய்க்குத் தேவையான டி.க்யூ.2, டி.க்யூ.8 மரபணு வகைகளைப் பாருங்கள். வடக்கில் 38.1 சதவீதம், தெற்கில் 36.4 சதவீதம். கிட்டத்தட்டச் சமம். பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது. நாளொன்றுக்குச் சராசரியாக அவர்கள் தின்ற கோதுமை 455 கிராம். நாம் தின்றது 25 கிராம். மரபணு இங்கேயும் இருக்கிறது. சர்க்கரை வியாதிக்குப் பயந்து ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாறிய வீடுகள் நம் தெருவில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், 25 கிராம் எத்தனை நாள் 25ஆகவே இருக்கும் என்ற கேள்வி வரும். "நமக்கு வராது" என்று கதவைச் சாத்த இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை.

அதே எண்கள் நிறுத்தச் சொல்பவர்களையும் திருப்பி அடிக்கின்றன. ஆயிரத்தில் ஒருவருக்கே ஆன்டிபாடி இருக்கும் மண்ணில், உப்பிய வயிறு எல்லாம் குளூட்டன் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்? நம் குடலுக்கு வேறு சரித்திரம் உண்டு. 1960களில் தென்னிந்தியக் கிராமங்களில் தீராத பேதியும் மெலிவுமாக ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளைநோய்போல் பரவியது. நம் முன்னோர் கிராணி என்று பொதுவாகச் சொன்ன நோய்களின் சாயல் அதில் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதைத் துருவி ஆராய்ந்தார்கள். அங்கேயும் குடலுறிஞ்சிகள் மழுங்கியிருந்தன. கோதுமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்தான் மருந்து. வேலூரில் அவ்வளவு வேலை நடந்த மாநிலத்தில், வயிற்று நோயென்றால் அமெரிக்க ரீல்ஸைப் பார்த்துப் பத்தியம் வைக்கிறோம்.

நடுவில் வியாபாரம் வேறு. நூறு, இருநூறு உணவுகளுக்கு ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடியைப் பார்த்து எது உங்களுக்கு "ஒத்துக்காது" என்று வண்ண அட்டவணை தருகிறார்கள், ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு. நீங்கள் அடிக்கடி சாப்பிடுவது எது என்பதைத்தான் அந்த ஆன்டிபாடி காட்டும், நோயை அல்ல என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2008லேயே எழுதியாயிற்று. தண்டச் செலவு என்ற வார்த்தையை இதற்குத்தான் வைத்திருக்க வேண்டும். சீலியாக் டெஸ்ட்டுக்குப் போனால், டி.டி.ஜி.யோடு ஐ.ஜி.ஏ. என்ற ஆன்டிபாடியின் மொத்த அளவையும் கேட்டு வாங்குங்கள். சிலருக்கு ஐ.ஜி.ஏ.வே இயல்பாகக் குறைவாக இருக்கும், அப்போது டி.டி.ஜி. ஏமாற்றிவிடும். ரத்தத்தில் பாசிட்டிவ் வந்தால் எண்டோஸ்கோப்பி. அதில் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து ஒன்றுக்கு நாலைந்து துணுக்காவது எடுக்கச் சொல்ல வேண்டும், சேதம் திட்டுத்திட்டாக இருக்கும். மைதா பட்டதும் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டுகிற கோதுமை அலர்ஜிக்காரர்கள் நான் சொல்கிற ஆட்டத்திலேயே இல்லை. அவர்கள் தின்று பார்க்கவே கூடாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மக்கள் ஆசைப்பட்டு இப்படி நிறுத்துவதில்லை. மூன்று நிமிடத்தில் ஜெலூசிலும் "டென்ஷன்"உம் எழுதி அனுப்பும் அறையிலிருந்து வெளியே வருகிறவர்கள், தங்கள் வலியை நம்பும் முதல் ஆளை நம்புகிறார்கள். அந்த முதல் ஆள் யோகா டீச்சராக இருப்பது டீச்சரின் குற்றமல்ல. இரும்புச்சத்து ஏறாமலே இருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து, இரும்பை உறிஞ்சும் இடமான குடல் எப்படி இருக்கிறது என்று மூன்று வருடம் யாருக்கும் யோசனை வரவில்லையே, அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

மூன்றாவது டாக்டர் ஒருவழியாகக் கிடைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் மரபணு டெஸ்ட் எழுதினார். அதற்குக் கோதுமை சாப்பிட வேண்டியதில்லை. அந்த மரபணு இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லவே இல்லை என்று அன்றைக்கே முடித்திருக்கலாம். இருந்தது. மூன்றில் ஒருவருக்கு இருப்பதுதான் என்பதால் அது எதையும் நிரூபிக்கவில்லை. பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னார்: "ஆறு வாரம் காலையிலும் ராத்திரியிலும் சப்பாத்தி சாப்பிட்டுட்டு வாங்க."

தங்கை எனக்குப் போன் போட்டு அழுதாள். "மூணு வருஷம் கழிச்சு இப்பதான்ணே வயிறு என் வயிறா இருக்கு. மறுபடி நானே கெடுத்துக்கவா?" இதற்கும் சேர்த்துத்தான் பதில் சொல்ல எனக்கு அந்த ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில் அவள் ஒப்புக்கொண்டது என் வாதத்துக்காக இல்லை. மூத்தவளுக்கும் வாய்ப்புண் வருகிறது என்பதால்.

இன்று அவளுக்கு நாலாவது வாரம். தினசரி காலண்டரில் நாற்பத்திரண்டாம் நாளை மடித்து வைத்திருக்கிறாள். வயிறு தவில் மாதிரி இருக்கிறதாம். பழைய களைப்பும் திரும்பிவிட்டது. அது குளூட்டனா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டேன். வெங்காயக் குருமா என்றாள். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து, "அதையும் சந்தேகப்படணுமாண்ணே?" என்றாள்.

"முதல்ல இது முடியட்டும்" என்றேன்.